மொரீசியசின் சொந்தக் கிளியை இனங்கண்டு பார்ப்பது எப்படி

மொரீசியசில் பச்சைக்கிளியைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது. கரும்புத் தோட்டங்களின் மேலே கூச்சலிட்டுக்கொண்டு பறப்பதும், வீட்டுக் கொல்லையில் மாம்பழத்தையும் லிச்சியையும் கொத்திப் பாழாக்குவதும், சோளக் கதிரில் கூட்டமாக வந்து இறங்குவதும் எல்லாருக்கும் தெரிந்த ஒரே பறவைதான். ஆனால் அது இந்தத் தீவின் கிளி அன்று. நம் முன்னோர் புறப்பட்டு வந்த நாட்டிலும் வாழ்கிற செந்தார்ப் பைங்கிளி அது. மீனாட்சி அம்மன் கையில் அமர்ந்திருப்பதாக நாம் சிற்பங்களில் காணும் கிளியும் அதுவே. கூண்டுப் பறவையாகக் கொண்டுவரப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே தப்பிப் பறந்து, பெருகி, தீவெங்கும் பரவிவிட்டது. தீவுக்கே உரிய இன்னொரு பச்சைக்கிளி உண்டு. அதன் பெயர் எக்கோ கிளி. கிரியோலில் ‘கத்தோ வேர்’ என்பார்கள். மொரீசியசையும் ரெயூனியனையும் ரோட்ரிக்ஸையும் சேர்த்துச் சொல்லப்படும் மஸ்கரீன் தீவுகளில் ஒரு காலத்தில் பல கிளியினங்கள் வாழ்ந்தன. அவற்றுள் இன்று உயிரோடு எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். நாட்டின் இலச்சினையில் இடம்பெற்ற டோடோவைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எவ்வளவோ சொல்லிக்கொடுக்கிறோம். உயிரோடிருக்கும் இந்தக் கிளியைக் காட்டிக்கொடுப்பது அதைவிட அவசியம் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த வழிகாட்டி அதைத் தேடிப் போக விரும்புகிறவர்களுக்கானது. கிளியைக் காண்பதைவிட, கண்டது அந்தக் கிளிதான் என்று உறுதி செய்துகொள்வதே கடினம் என்பதால், எங்கே போவது என்பதற்கு முன்னால் எதைப் பார்ப்பது என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

அலகிலிருந்து தொடங்குங்கள்

பச்சை நிறத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். எக்கோ கிளியின் பச்சை ஆழ்ந்த மரகதப் பச்சை, செந்தார்ப் பைங்கிளியின் பச்சை சற்று மஞ்சள் கலந்தது என்பது உண்மைதான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஆனால் காட்டில் அவை அருகருகே அமர்ந்து காட்டுவதில்லை. மேகம் மூடிய மலையில், இலைகளின் ஊடே விழும் ஒளியில், எந்தப் பச்சையும் கறுத்துத் தெரியும். வெயில் நேராக விழும்போது எந்தப் பச்சையும் மஞ்சளிக்கும்.

அலகு ஏமாற்றாது. செந்தார்ப் பைங்கிளியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மேலலகு சிவப்பு. எக்கோ கிளியில் ஆணுக்கு மட்டுமே மேலலகு சிவப்பு, கீழலகு கருமை. வளர்ந்த பெண்ணுக்கு மேலலகு, கீழலகு இரண்டுமே கருமை. எனவே மொரீசியசின் காட்டில், முழுதும் கறுத்த அலகுடைய ஒரு பச்சைக்கிளியைப் பார்த்தீர்களென்றால் வேறு எந்த அடையாளமும் தேடத் தேவையில்லை. அது எக்கோ கிளியின் பெண், அல்லது அதன் இளம்பறவை. புதிதாகப் பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஆணைத் தேடாதீர்கள், பெண்ணைத் தேடுங்கள். ஆணுக்குக் கழுத்தில் இளஞ்சிவப்புப் பட்டையும் சிவந்த அலகும் இருப்பதால் கண் அதையே நாடும், ஒளிப்படங்களிலும் அதுவே அதிகம் வரும். ஆனால் இனங்காண்பதற்கு உறுதியான சான்று தருவது அடக்கமான நிறங்கொண்ட பெண்தான்.

பெண்ணின் கழுத்தில் இளஞ்சிவப்புப் பட்டை கிடையாது. கன்னத்தின் கீழே கரும்பச்சையாக ஒரு மங்கிய கோடு மட்டும் ஓடும். ஆணின் கழுத்தில் இரண்டு பட்டைகள் இருக்கும். தாடையிலிருந்து கன்னத்தின் கீழ்வழியே செல்லும் கறுப்புப் பட்டை ஒன்று, அதையொட்டிய இளஞ்சிவப்புப் பட்டை மற்றொன்று. இளஞ்சிவப்புப் பட்டை பிடரியில் முழுமையாகக் கூடி வளையமாவதில்லை. தலையின் பின்புறத்தில் பச்சையோடு நீலம் பூசினாற்போன்ற ஒரு சாயல் இருக்கும். பறவை தலையைத் திருப்பும்போது நல்ல வெளிச்சத்தில் இதைக் கவனியுங்கள். கண்ணின் பாவைச் சுற்று மஞ்சளாகவும், அதைச் சுற்றிய தோல் ஆரஞ்சு நிறமாகவும், கால்கள் சாம்பல் நிறமாகவும் இருக்கும். ஆனால் இவையெல்லாம் பறவை மிக அருகில் அமர்ந்தால் மட்டுமே காணக்கூடியவை.

இளம்பறவைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். கூட்டைவிட்டு அப்போதுதான் வெளிவந்த எக்கோ கிளிக்குஞ்சின் அலகு செம்மஞ்சளாக இருக்கும். மூன்று நான்கு மாதங்கள் ஆன பிறகே அது கறுக்கத் தொடங்கும், ஆண்குஞ்சுக்கும் அப்படியே. பிறகு ஆணின் மேலலகு மறுபடியும் சிவக்கும். ஆகவே ஆண்டின் கடைசி மாதங்களிலும் தை, மாசி மாதங்களிலும், கழுத்தில் பட்டையில்லாத, சிவந்த அலகுள்ள ஒரு கிளியைப் பார்த்தால் அது செந்தார்ப் பைங்கிளியின் பெண் என்று உடனே எழுதிவிடாதீர்கள். அதற்கு இரை ஊட்ட வரும் தாய்ப்பறவை வரும்வரை பொறுத்திருங்கள். தாயின் அலகு கறுப்பாக இருந்தால் கேள்வி தீர்ந்தது.

பறக்கும்போது எப்படித் தெரியும்

பெரும்பாலும் கிளி உங்களுக்குத் தரிசனம் தருவது பறக்கும்போதுதான். தலைக்கு மேலே ஒரு நொடி, மரங்களுக்குப் பின்னால் மறுநொடி. அந்தக் கணத்தில் அலகின் நிறம் தெரியாது, உருவமும் சிறகடிப்பும் குரலும்தான் தெரியும்.

எக்கோ கிளி பருத்த உடல் கொண்டது. நீளம் 34 முதல் 42 செ.மீ. வரை இருக்கும். செந்தார்ப் பைங்கிளியும் ஏறக்குறைய அதே நீளந்தான், ஆனால் அந்த நீளத்தில் பெரும்பங்கு அதன் மெல்லிய வாலுக்குப் போய்விடுகிறது. எடையை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். எக்கோ கிளி 167 முதல் 193 கிராம் வரை இருக்கும், செந்தார்ப் பைங்கிளி அதைவிடத் தெளிவாக இலேசானது. வால் குட்டையாகவும் அகலமாகவும், சிறகு குட்டையாகவும் நுனி உருண்டும் இருப்பதால் எக்கோ கிளியின் வடிவம் வானத்தில் கட்டையாகத் தெரியும். செந்தார்ப் பைங்கிளி எய்த அம்புபோல் ஒல்லியாக, வேகமாகச் சிறகடித்து நேர்கோட்டில் போகும். எக்கோ கிளி சிறகை நிதானமாக அடிக்கும். பாறைச் சரிவுகளின் மேலே காற்று எழும் இடங்களில் சிறகை விரித்தபடி மிதந்து செல்வதும் உண்டு. காட்டுக்குள் தாழப் பறந்து மரக்கிளைகளுக்கிடையே வளைந்து புகுவதில் அது கைதேர்ந்தது. இது காட்டுப் பறவைக்குரிய சிறகு. திறந்த வெளியில் நெடுந்தூரம் பறந்து வயலில் இரை தேடும் பறவைக்கு வேறு வகைச் சிறகு அமைந்திருக்கிறது.

குரலைப் பழகிக்கொள்வதற்குச் சற்று நாளாகும், ஆனால் பழகிவிட்டால் கண்ணைவிடக் காது முந்திச் சொல்லும். செந்தார்ப் பைங்கிளியின் குரல் கீச்சென்று உச்சத்தில் இருக்கும். எக்கோ கிளியின் குரல் தாழ்ந்தது, மூக்கால் கத்துவதுபோல் ‘சா–சா’ என்றும் ‘கா’ என்றும் கரகரப்பாக வரும். பறக்கும்போது அதே ஒலி விரைந்தும் உயர்ந்தும் ஒலிக்கும். இதைக் கற்றுக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. காட்டுக்குப் போவதற்கு முன் சில நாள்கள் உங்கள் ஊரில் பறக்கும் செந்தார்ப் பைங்கிளிகளின் குரலைக் கவனமாகக் கேளுங்கள். கியூர்பிப், குவாத்ர் போர்ன் போன்ற ஊர்களில் மாலை வேளையில் அதற்குப் பஞ்சமிருக்காது. அந்தக் குரல் காதில் நன்றாகப் பதிந்திருந்தால், காட்டில் அதைப்போல் இல்லாத ஒரு கிளிக்குரல் எழும்போது தலை தானாகவே நிமிரும்.

எங்கே, எப்போது

இந்தக் கிளிக்கு வேண்டியது பழைய இயல்காடு. மொரீசியசில் நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் இயல்காடு தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி தென்மேற்கு மலைகளில், 1994இல் அறிவிக்கப்பட்ட பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பூங்காவின் பரப்பு 6,500 ஹெக்டேருக்கும் மேல். அந்தப் பரப்பு முழுவதும் கிளி இருக்குமென்று எண்ண வேண்டாம். பைன் மரங்கள் நட்ட இடங்களும், சீனக் கொய்யா மண்டிய புதர்களும் அதற்கு அதிகம் பயன்படுவதில்லை.

முதன்முறை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது லே பெத்ரேனிலிருந்து மக்காபே காட்டுக்குச் செல்லும் பாதை. கங்கா தலாவ் புனித ஏரிக்கு வாக்கோவா வழியாகப் போயிருப்பவர்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்கும். ஏரிக்குத் திரும்பும் சந்திப்பில்தான் பூங்காவின் பார்வையாளர் மையம் இருக்கிறது. அங்கிருந்து காட்டுக்குள் செல்லும் பாதை அகலமானது, பெரும்பாலும் சமதளமானது, வயதானவர்களும் பிள்ளைகளும் நடக்கக்கூடியது. பாதையின் இருபுறமும் குட்டையான, கப்பும் கிளையுமாகப் பரந்த இயல்மரங்கள் நிற்கும். பாதை முடிவில் பள்ளத்தாக்கைப் பார்க்கும் காட்சிமுனை வரும். அதற்கு அப்பால் கீழே இறங்கும் வழி செங்குத்தானது, மழை நாளில் வழுக்கும். கிளி பார்ப்பதற்கென்று அதில் இறங்கத் தேவையில்லை.

பிளேன் ஷாம்பாஞ் சாலையோரக் காட்சிமுனையும் நல்ல இடம். பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்பதால் கிளிகள் நமக்குக் கீழே பறப்பதைக் காண வாய்க்கும். முதுகின் பச்சையும் வாலின் அகலமும் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியா. நீண்ட வெள்ளை வாலோடு பள்ளத்தாக்கில் வட்டமிடும் கடற்பறவைகளையும் அங்கே காணலாம். ஆனால் பேருந்துகளில் வரும் பயணிகளின் நெரிசலும், தின்பண்டத்துக்குப் பாய்ந்து வரும் குரங்குகளும் அங்கே உண்டு என்பதால், பொழுது விடிந்தவுடன் போய்விட வேண்டும். தீவின் கிழக்கே மாபூர் பக்கத்திலுள்ள ஃபெர்னே பள்ளத்தாக்கிலும் 2015 முதல் இந்தக் கிளிகள் கொண்டுபோய் விடப்பட்டிருக்கின்றன. வழிகாட்டியோடு நடக்க விரும்புகிறவர்களுக்கும் கிழக்குப் பகுதியில் வசிப்பவர்களுக்கும் அது ஏற்றது.

நாளின் பொழுதுகளில் காலையும் மாலையும் சிறந்தவை. விடியலில் கிளிகள் இரவு தங்கிய மரங்களை விட்டு இரைதேடக் கிளம்பும். நண்பகலில் இலைகளுக்குள் அசையாமல் அமர்ந்து ஓய்வெடுக்கும், அப்போது தலைக்கு மேலேயே இருந்தாலும் நமக்குத் தெரியாது. பிற்பகலில் மீண்டும் இரை, பிறகு அந்தி சாயும்வரை கூச்சலும் துரத்தலுமாகத் தங்கும் மரங்களைச் சுற்றிப் பறத்தல். மாலையில் பார்க்கத் திட்டமிட்டால், திரும்பி நடக்கும் தூரத்தையும் மலையில் சட்டென்று இறங்கும் மூடுபனியையும் கணக்கில் வைத்துக்கொண்டு, டார்ச் விளக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஆண்டில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களை நான் விரும்புகிறேன். முட்டையிட்டு அடைகாக்கும் காலம் அது. ஆண் இரை கொண்டுவந்து கூட்டுக்கு வெளியே பெண்ணை அழைத்து ஊட்டும். நவம்பர் தொடங்கிக் குஞ்சுகள் வெளிவருவதால் காட்டில் சத்தம் கூடும். ஜனவரி, பிப்ரவரியில் புயலும் பெருமழையும் திட்டத்தைக் கெடுக்கும், புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் மலைக்காட்டுக்குப் போகவே கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேட்டுநிலத்தில் குளிரும் தூறலுமாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் காட்டில் இரை குறைவதால் கிளிகள் ஒரே மரத்தில் நெடுநேரம் மேய்வதுண்டு, மனிதரைக் கண்டு அவ்வளவாக மிரள்வதுமில்லை. மழைச்சட்டை போட்டுக்கொண்டு நிற்கத் தயங்காதவர்களுக்குக் குளிர்காலமும் பலன் தரும்.

மரத்தை அறிந்தால் கிளி கிடைக்கும்

கிளியைத் தேடி நடந்துகொண்டே இருப்பவர்களுக்குக் கிளி அகப்படுவது குறைவு. காய்த்திருக்கும் மரத்தைக் கண்டுபிடித்து அதன் அருகே காத்திருப்பவர்களுக்கே அகப்படுகிறது. எக்கோ கிளியின் உணவில் பாதிக்கு மேல் காய்களும் பழங்களும்தான். அடுத்தபடியாக இலைகள், பிறகு பூக்கள், மொட்டுகள், இளந்தண்டுகள், பட்டை. ஏறக்குறைய எல்லாமே தீவுக்குரிய மரங்களிலிருந்து கிடைப்பவை. தக்கமாக்கா என்னும் புன்னை வகை மரம், தம்பலக்கோக், கருங்காலி வகைகள், நாவல் வகையைச் சேர்ந்த இயல்மரங்கள், மகிழ மரத்தின் உறவினமான மரங்கள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. புன்னையும் மகிழும் நாவலும் கருங்காலியும் தமிழருக்குப் புதியவை அல்ல. அதே குடும்பங்களின் தீவுக் கிளைகளே இந்தக் கிளியைக் காத்துவந்திருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. பார்வையாளர் மையத்துக்கு அருகில் இயல்தாவரங்களைக் காணும் வசதி இருப்பதால், இரண்டு மூன்று மரங்களின் இலையையும் காயையும் முதலில் அங்கே பார்த்து மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

மரத்தடியில் நின்றதும் முதலில் தரையைப் பாருங்கள். பாதி கடித்துப் போட்ட பச்சைக்காய்களும், கத்தரித்தாற்போல் விளிம்பு கொண்ட இலைத்துண்டுகளும் புதிதாக விழுந்து கிடந்தால் மேலே கிளி இருக்கிறது, அல்லது சற்று முன்னால் இருந்திருக்கிறது. குரங்குகளும் காய்களைக் கடித்து எறியும். ஆனால் அவை கிளையையே ஒடித்துப் போட்டுவிட்டுப் போகும், சத்தமும் பெரிதாக இருக்கும். கிளி ஒரு காலால் கிளையைப் பற்றிக்கொண்டு மறுகாலால் காயை எடுத்து அலகுக்குக் கொண்டுபோகும், நிதானமாகச் சுரண்டித் தின்னும். மேலிருந்து துகள்கள் இடைவிடாமல் உதிர்வதே அது இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். அப்போது கையை உயர்த்திச் சுட்டிக்காட்டாமல், பேச்சை நிறுத்தி, பைனாகுலரை மெல்லக் கண்ணுக்குக் கொண்டுபோங்கள். 8×42 அளவுள்ள பைனாகுலர் காட்டின் மங்கலான ஒளிக்குப் பொருத்தமானது. அதைவிடப் பெரிதாக்கிக் காட்டும் கருவி கையில் நடுங்கும், அடர்ந்த கிளைகளுக்குள் பறவையைத் தேடிப் பிடிப்பதும் கடினம்.

கூடும் குடும்பமும்

எக்கோ கிளி முதிர்ந்த பெருமரங்களின் பொந்தில் கூடுவைக்கும். அத்தகைய மரங்கள் காட்டில் குறைந்துவிட்டதால் பாதுகாப்புப் பணியாளர்கள் மரப்பெட்டிகளைச் செய்து மாட்டியிருக்கிறார்கள், இன்று பல இணைகள் அவற்றையே பயன்படுத்துகின்றன. இரண்டு முதல் நான்கு முட்டைகள் இடும், பெரும்பாலும் இரண்டு. அடைகாப்பது பெண். சுமார் மூன்று வாரங்களில் குஞ்சு பொரிக்கும், மேலும் 50 முதல் 60 நாள்களில் குஞ்சு கூட்டைவிட்டு வெளிவரும். அதன்பிறகும் இரண்டு மூன்று மாதங்கள் பெற்றோரோடு சுற்றும். ஒரு கூட்டில் ஒரு பெண்ணோடு ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்கள் இருந்து இரை கொண்டுவருவதும் இந்த இனத்தில் வழக்கம். எனவே ஒரே பெண்ணுக்கு இரண்டு ஆண்கள் மாறி மாறி ஊட்டுவதைக் கண்டால் வியக்க வேண்டாம், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டையோ கூட்டுப்பெட்டியையோ தற்செயலாகக் கண்டுவிட்டால் அதன் அடியில் நிற்காதீர்கள். பெண் வெளியே வரத் தயங்கும், ஆண் இரையோடு தொலைவிலேயே காத்திருக்கும், குஞ்சு பசியோடிருக்கும். படம் எடுக்கக் கிடைத்த வாய்ப்பு என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

ஏன் இவ்வளவு கவனம்

1980களின் நடுப்பகுதியில் உலகம் முழுவதும் எஞ்சியிருந்த எக்கோ கிளிகள் 8 முதல் 12 வரைதான் என்று கணக்கிடப்பட்டது. அவற்றுள் பெண்கள் மூன்று. பல நூற்றாண்டுகளாகக் காடு வெட்டப்பட்டது, 1970களில் மீதமிருந்த மேட்டுநிலக் காட்டிலும் ஒரு பகுதி பைன் நடுவதற்காக அழிக்கப்பட்டது, 1960இல் வந்த கரோல், 1975இல் வந்த ஜெர்வேஸ், 1979இல் வந்த கிளாடெட் ஆகிய புயல்கள் பொந்துள்ள பழைய மரங்களைச் சாய்த்தன. எலிகளும் குரங்குகளும் முட்டையையும் குஞ்சையும் தின்றன. கூட்டுக்குள் வளரும் ஒரு வகை ஈயின் புழுக்கள் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சிக் கொன்றன. 1979இல் தீவுக்கு வந்த வேல்ஸ் நாட்டு உயிரியலாளர் கார்ல் ஜோன்சும், மொரீசியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷனும், அரசின் தேசியப் பூங்காக்கள் துறையும், ஜெர்சி தீவிலிருந்து இயங்கும் டரல் அறக்கட்டளையும் சேர்ந்து, கூடுகளைப் பேணி, பலவீனமான குஞ்சுகளைக் கையில் வளர்த்து, கூண்டில் வளர்ந்தவற்றைக் காட்டில் விட்டு, மேலதிக உணவும் கொடுத்து இந்த இனத்தை மீட்டார்கள். உலக அளவிலான அழிவாபத்துப் பட்டியலில் 2007இல் அது மிக அருகிய நிலையிலிருந்து அருகிய நிலைக்கும், 2019இல் பாதிக்கப்படத்தக்க நிலைக்கும் இறக்கிக் குறிக்கப்பட்டது. இன்று அவற்றின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருக்கிறது.

அவை அனைத்தும் அந்தச் சில பறவைகளின் வழிவந்தவை என்பதால் மரபு வேறுபாடு மிகக் குறைவு, நோய் வந்தால் தாங்கும் ஆற்றலும் அதற்கேற்பவே. கிளிகளின் அலகையும் இறகையும் சிதைக்கும் ஒரு வைரஸ் நோய் 2004ஆம் ஆண்டையொட்டி இவற்றுக்குள் பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. செந்தார்ப் பைங்கிளிகளிடமும் அதே வைரஸ் காணப்படுகிறது. எச்சத்தின் வழியாகவும் இறகுத் துகளின் வழியாகவும் பரவும் அந்த வைரஸ், வெளியே நெடுநாள் அழியாமல் கிடக்கக்கூடியது. இதிலிருந்து பார்வையாளருக்குச் சில கடமைகள் பிறக்கின்றன. வீட்டில் கிளி வளர்ப்பவர்கள், கூண்டைக் கழுவிய அதே செருப்போடும் உடையோடும் காட்டுக்குப் போகக்கூடாது. காலணியின் அடிப்பகுதியைக் கழுவி உலர்த்திய பிறகே புறப்பட வேண்டும். பாதுகாப்புப் பணியாளர்கள் வைத்திருக்கும் தீனித் தொட்டிகளை நெருங்கவோ தொடவோ கூடாது. நாமாகப் பழமோ தானியமோ வைத்துக் கிளியை அழைப்பது பெரும் தவறு. அது செந்தார்ப் பைங்கிளிகளையும் மைனாக்களையும் எலிகளையும் ஒரே இடத்தில் சேர்க்கும். காட்டுக்குள் கிடைத்த இறகை நினைவுக்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவதும் வேண்டாம். கைப்பேசியில் கிளிக்குரலை ஒலிக்கவிட்டு அருகில் வரவழைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், கூடுகாக்கும் பறவை அதனால் வீணாக அலைக்கழியும்.

சீனக் கொய்யாவைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். கொய்யாக் காலத்தில் குடும்பத்தோடு மேட்டுநிலத்துக்குப் போய்ப் பறித்து, உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்பது நம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செடி தென்னமெரிக்காவிலிருந்து வந்து இயல்காட்டின் தளிர்களை முளைக்கவிடாமல் மூடிக்கொண்டிருக்கிறது. பழத்தைத் தின்றுவிட்டு விதையைக் காட்டுப்பாதையோரம் துப்பாதீர்கள், பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வேலியிட்டுக் கொய்யாவைக் களைந்து வைத்திருக்கும் பகுதிகள் காட்டுக்குள் இருக்கின்றன. அங்கே இயல்மரக் கன்றுகள் மறுபடியும் தழைத்து நிற்பதைக் காணலாம், கிளிகள் மேய்வதையும் அங்கேதான் அடிக்கடி காணலாம்.

கண்டதைக் குறித்துவைப்பது

பல எக்கோ கிளிகளின் கால்களில் நிற வளையங்கள் மாட்டப்பட்டிருக்கும். எந்தக் காலில் எந்த நிறம், மேலே எது கீழே எது என்பதை எழுதிக்கொண்டால், அந்தத் தனிப்பறவையின் வயதையும் பிறந்த இடத்தையும் பணியாளர்கள் சொல்லிவிட முடியும். வலது, இடது என்று எழுதும்போது பறவையின் வலது, இடதையே குறிக்க வேண்டும், பார்ப்பவருடையதை அல்ல. வளையத்தின் நிறம் தெளிவாகத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஒரு நிறம் வேறொரு பறவையின் வரலாற்றைக் குழப்பிவிடும்.

குறிப்பில் நாள், நேரம், இடம், எத்தனை பறவைகள், ஆணா பெண்ணா, எந்த மரத்தில், எதைத் தின்றது, இனத்தை எந்த அடையாளத்தால் உறுதி செய்தீர்கள் என்பவை இருக்கட்டும். கடைசியில் சொன்னதுதான் குறிப்புக்கு மதிப்புத் தருவது. ‘பச்சைக்கிளி, எக்கோவாக இருக்கலாம்’ என்ற குறிப்பை யாரும் பயன்படுத்த முடியாது. ‘மேலலகு கறுப்பு, பட்டை இல்லை, தாழ்ந்த கரகரப்புக் குரல்’ என்ற குறிப்பைப் பயன்படுத்தலாம். பூங்காவுக்குள் கண்டவற்றைப் பார்வையாளர் மையத்தில் தெரிவிக்கலாம்.

எண்ணிக்கை பெருகப் பெருக, கிளிகள் பழைய எல்லைகளைத் தாண்டிப் புதிய இடங்களுக்குச் செல்ல வாய்ப்பு உண்டு. எனவே காட்டையொட்டிய ஊர்களில் வசிப்பவர்கள் தம் தோட்டத்துக்கு வரும் கிளிகளின் அலகை ஒருமுறை கவனிப்பது நல்லது. வருவது பெரும்பாலும் செந்தார்ப் பைங்கிளியாகத்தான் இருக்கும். முழுதும் கறுத்த அலகோடு ஒன்று வந்தால், முடிந்தவரை தெளிவாக ஒரு படம் எடுத்து, கால் வளையம் இருக்கிறதா என்று பார்த்து, அன்றைக்கே மொரீசியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷனுக்கோ தேசியப் பூங்காக்கள் துறைக்கோ அனுப்பிவையுங்கள். இறகு உதிர்ந்தோ அலகு திரிந்தோ நோயுற்றதாகத் தெரிந்தால் அதைப் பிடிக்க முயலாமல் தொலைபேசியில் தெரிவித்துவிட்டு, அது அமர்ந்த இடத்தைக் கழுவாமல் அவர்கள் வரும்வரை பிள்ளைகளையும் வளர்ப்புப் பறவைகளையும் விலக்கி வையுங்கள்.